ஐந்தாவது சத்தம்

தோள் இறங்கியது. அவள் கையைத் தூக்கினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காது சோதிப்பவர் மெஷின் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். விரல்கள் தெரியவில்லை. முகத்தில் பாதியை முகக்கவசம் மறைத்திருந்தது. தெரிவது வலது தோள்தான். சத்தம் அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது அது ஒரு நூல் அளவு இறங்கும்.

மறுபடி இறங்கியது.

மறுபடி தூக்கினாள்.

இரண்டு காதுகளிலும் கனத்த கறுப்பு ஹெட்போன். கேட்டதும் கையைத் தூக்க வேண்டிய சத்தம் எதுவும் அதற்குள்ளிருந்து வரவில்லை. போன மாதமும் வரவில்லை. போன மாதம் அவள் பாஸ்.

பக்கத்துக் கட்டில் செல்லக்கிளி சொல்லிக்கொடுத்த வித்தை இது. இவளுக்குக் காது கேட்டுக்கொண்டிருந்த நாளில் சொன்னது.

"தோளப் பாரு. மூஞ்சியப் பாக்காத. எல்லாத்துக்கும் கையத் தூக்குனா மாட்டிக்குவ. அஞ்சுக்கு ஒண்ணு விட்ரு."

பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணின் பேப்பரை எட்டிக்கூடப் பார்க்காதவள். முப்பத்திரண்டு வயதில், காசநோய் வார்டில் காப்பியடிக்கக் கற்றுக்கொண்டாள்.

தோள் இறங்கியது. தூக்கினாள்.

காசநோய்க்குப் போடும் ஊசி காதைத் தின்னும். அது எல்லாருக்கும் தெரியும். போடுகிறவர்களுக்கும் தெரியும். வேறு எந்த மாத்திரைக்கும் மசியாத கிருமி இதற்குத்தான் மசிந்தது. நான்காம் மாதம் சளியில் கிருமி இல்லை என்று காகிதம் வந்தபோது, அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கழிப்பறையில் நின்று அழுதாள்.

இன்னும் முப்பத்தொரு ஊசிதான் பாக்கி.

"காதுல இரைச்சல் வந்தா உடனே சொல்லணும். மருந்த மாத்திக்கலாம்" என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். நல்ல மனுஷன். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

வார்டு அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

ஏனென்றால் அதே வார்டில் இருந்த மாரிக்கனி சொன்னாள். காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்று, ஒளிக்காமல், ரவுண்டு வந்த டாக்டரிடம். ஊசியை நிறுத்தினார்கள். வேறு மாத்திரை கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் அவள் கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டார்கள்.

மாரிக்கனி வரும்போதே ஒரு பக்க நுரையீரல் போயிருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஊசி நின்றது, ஆள் போனாள். வார்டுக்கு அது போதும்.

அதற்கப்புறம் பெண்கள் வார்டில் ஒருத்திக்கும் காது இரையவில்லை. கேட்டால் எல்லாருக்கும் நல்லாத்தான் கேட்டது.

தோள் இறங்கியது, தூக்கினாள்.

அவளுக்கும் மூன்றாம் மாதம் சில்வண்டு வந்தது. வாயைத் திறக்கவில்லை. சில்வண்டு கொஞ்ச நாள் கத்திவிட்டு ஓய்ந்தது. கூடவே மின்விசிறியும் ஓய்ந்தது. பக்கத்துக் கட்டில் இருமல் ஓய்ந்தது. சாப்பாட்டு வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். காது போனால் போகட்டும். அம்மாவே இல்லாமல் போனால் பிள்ளைக்கு அம்மாவின் காது எதற்கு?

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை போன் பண்ணும். ஏழு வயது. அவள் மூச்சுவிடாமல் பேசுவாள். சாப்பிடு, அப்பத்தா சொல்றதக் கேளு, தல பின்னிக்க, வெயில்ல ஓடாத. எதிர்முனையில் கேள்வி வர இடமே கொடுக்கமாட்டாள். பேசி முடித்ததும் கட் பண்ணிவிடுவாள்.

ஐந்து வாரமாகப் பிள்ளை என்ன சொல்கிறது என்று தெரியாது.

அதை நினைத்தால் ஆத்திரம் வரும். யார்மேல் என்றுதான் தெரியாது. ஊசியைத் திட்ட முடியாது. உயிரைக் கொடுத்ததே அதுதான். எந்தக் கையால் கொடுத்ததோ அந்தக் கையாலேயே பிடுங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

தோள் இறங்கியது. அவள் தூக்கவில்லை.

இது ஐந்தாவது. விட வேண்டிய சத்தம். கேட்காதவள் மாதிரி முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கூட வைத்தாள்.

அடுத்ததற்குத் தூக்கினாள். அதற்கடுத்ததற்கும்.

கண்ணாடிக்கு அப்பால் அவர் அசையாமல் அவளையே பார்த்தார்.

பிறகு தோள் இறங்கியது, மெதுவாக, நன்றாகத் தெரியும்படி. அவள் கையை உயர்த்தினாள். இன்னொரு முறை. உயர்த்தினாள்.

அவர் எழுந்து சுற்றி வந்தார். கதவைத் திறந்தார். ஹெட்போனை அவரே கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அவள் எதிரே குனிந்து நின்றார். வழுக்கைத் தலையில் வியர்த்திருந்தது.

"மெஷின நான் இன்னும் ஆன் பண்ணவே இல்லம்மா."

முகக்கவசத்தின் துணி உள்ளே ஒட்டி வெளியே உப்பியது. ஏதோ பேசுகிறார். கண் கலங்கின மாதிரி இருந்தது. நல்லவராகத்தான் தெரிந்தார். வேலை முடிந்ததும் இவர்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: நல்லா கேட்டுச்சா?

அவள் முகம் மலர்ந்து தலையாட்டினாள்.

"எல்லாம் தெளிவா கேட்டுச்சு சார்" என்றாள், அந்தச் சின்ன அறைக்குத் தேவைக்கு மேல் உரக்க.

பதிலுக்குக் காத்திராமல், ஊசிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.