காசியம்மாளின் வலது கண்

இடது கண்ணை அட்டையால் மூடியதும் காசியம்மாளுக்கு முட்டுக்காடு முழுவதும் அணைந்துபோனது.

வலது கண்ணில் பார்வை போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தெருவுக்குத் தெரிந்தது வேறு. அவள் பேசும்போது இடது கண் எதிராளியைப் பார்க்கும். வலது கண் ஒதுங்கிப்போய் அவர்கள் வீட்டு அடுப்பைப் பார்க்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் எல்லப்பனோடு நின்று பேசியபோது அது அவனுடைய புதுப் படகின் மேல் இருந்தது. மறுநாள் படகு முகத்துவார மணல்திட்டில் மோதிப் பிளந்தது.

அன்றிலிருந்து எந்த வீட்டில் மீன் குழம்பு கொதித்தாலும் முதல் கிண்ணம் காசியம்மாளுக்கு. பங்கு கொடுத்துவிட்டால் கண் படாது. தனிக்கட்டையான அவள் சோறு வடிப்பதோடு சரி.

இன்று சமூகக் கூடத்தில் இலவசக் கண் முகாம். வராவிட்டால் பார்வை இல்லையோ என்ற சந்தேகம் வரும் என்று வந்திருந்தாள். வரிசையில் முன்னால் நின்ற பதினோரு பேர் போர்டில் படித்த எழுத்துகளையும் காதில் வாங்கி மனப்பாடம் செய்திருந்தாள்.

ஜன்னல் பக்கம் காற்றில் ஏதோ சரிந்தது. அவள் அந்தப் பக்கம் காதைக் கொடுக்கவில்லை. மறந்துவிடுமோ என்ற பயம்.

யாரும் கேட்பதற்கு முன்பே கடகடவென்று ஒப்பித்தாள். ப, ட, ர, க, ம. கடைசி வரியின் பொடி எழுத்துவரை ஒன்றும் தப்பவில்லை.



"இருங்கம்மா. போர்டு விழுந்துடுச்சு, இன்னும் மாட்டல" என்றான் முகாமுக்கு வந்திருந்த டாக்டர் ஆதித்யா.

எட்டு வருஷக் குழம்பும் ஒரு நொடியில் வற்றிப்போனது.

பின்னால் பக்கத்து வீட்டு ஜெனிஃபர் யாரிடமோ கிசுகிசுத்தாள்.

"வெறுஞ் செவுத்தப் பாத்து படிக்குதுக்கா. நம்ம வூட்டு செவுரெல்லாம் அதுக்கு எம்மாத்தரம்?"

டார்ச் அடித்துப் பார்த்த ஆதித்யாவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. ஆபரேஷனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தான். பார்வை திரும்பும், கண்ணும் நேராகிவிடும் என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

நேராகிவிடுமா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள்.

சாயங்காலம் ஜெனிஃபர் மடவை மீன் குழம்போடு இறால் வறுவலும் கொண்டுவந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்துவிட்டு ஓடினாள்.

குழம்புக் கிண்ணம் கை தாங்காமல் சுட்டது. காசியம்மாள் சீட்டை நாலாக மடித்து அதற்கு அடியில் வைத்தாள்.