லிஃப்ட் ஓரத்து அறை

"ஒன்றரை வருஷம் முன்னாடியே புக் பண்ணிட்டு, கடைசியில ஜன்னல்கூட இல்லாத ரூமையா பிடிச்சாரு உன் புருஷன்?"

பக்கத்து வீட்டு வாண்டா இப்படிக் கேட்டதும், கேக் வெட்டிக்கொண்டிருந்த நோரீனின் கை நின்றுவிட்டது.

"எங்களைப் பாரு. போன மாசம்தான் அதே கப்பல்ல போட்டோம். மேல் தளம், பால்கனியோட!"

"அது யாருக்கும் வேண்டாம்னு மிச்சம் கிடந்த ரூம், வாண்டா," என்றார் டெல்பர்ட், செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்காமலே. "உங்க தலைக்கு மேலதான் ராத்திரி பூரா பாட்டும் கூத்தும். எங்களுக்குக் கதவைத் திறந்தா லிஃப்ட், லிஃப்ட் திறந்தா சாப்பாடு. முன்னாடியே போட்டாத்தான் இடம் பார்த்து எடுக்க முடியும்."

"பார்த்து எடுத்தது அந்தப் பொந்தைத்தானா?"

வாண்டா சிரித்தாள். நோரீனும் ஒப்புக்குச் சிரித்து வைத்தாள். உள்ளே எரிந்தது. கல்யாணமாகி ஐம்பது வருஷம். அதைக் கொண்டாட ஒரு பயணம். அதில்கூடவா இந்த மனுஷனுக்குக் கஞ்சத்தனம்?

ஆனால் சண்டை போடவும் பயம். பேச்சு வளர்ந்தால் தன் முட்டி விஷயம் வெளியே வந்துவிடுமே!

இரண்டு வருஷமாகவே வலது முட்டி அவளைப் பாடாய்ப் படுத்துகிறது. முடி வெட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போய் வருகிறாள். டெல்பர்ட்டுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான், பயணத்தையே ரத்து செய்துவிடுவார். ஏற்கெனவே ஒரு முறை புயலால் போச்சு, இன்னொரு முறை அவள் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போச்சு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்த காலமெல்லாம், கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பல் கிளம்புவதைக் கரையில் நின்று பார்த்தே ஏங்கிய மனுஷன்.

அது போக, அவளுக்கு வீம்பும் உண்டு. ஒரு தடவை கடையில் வேலை செய்யும் பெண், "உட்கார்ந்து ஓட்டுற வண்டி கொண்டு வரட்டுமா?" என்று அன்பாகத்தான் கேட்டாள். "என்னைப் பார்த்தா நொண்டி மாதிரியா இருக்கு?" என்று நோரீன் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. டெல்பர்ட் மட்டும் சூப் டப்பாவைக் கையில் எடுத்து எதையோ மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும் நாள் வந்தது. துறைமுக வரிசையில் நின்று நின்று முட்டி கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு கப்பலில் ஏறினாள். நல்லவேளை, லிஃப்ட்டை விட்டு இறங்கியதுமே அறை.

கதவைத் திறந்தவள் திகைத்தாள்.

வாசல் அகலமாக இருந்தது. தடுக்கிவிட ஒரு மேடுகூட இல்லை. குளியலறைச் சுவர் முழுக்கக் கைப்பிடிக் கம்பிகள். ஷவருக்குக் கீழே உட்கார்ந்து குளிக்க ஒரு இருக்கை.

தன் முட்டி விஷயம் இவருக்குத் தெரிந்துவிட்டதா? மாட்டிக்கொண்டோம்!

"நோரீன்," என்றார் டெல்பர்ட் தலையைக் குனிந்துகொண்டு. "உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். கோவிச்சுக்காதே."

"என்ன?"

"என் வலது முட்டி சரியில்ல. ரொம்ப நாளாவே. நடக்கக் கஷ்டப்படுறவங்களுக்குன்னு இந்த மாதிரி ரூம் கப்பல்லயே கொஞ்சம்தான் இருக்காம், முதல்ல தீர்ந்துபோறதும் இதுதானாம். அதான் ஒன்றரை வருஷம் முன்னாடியே ஓடிப்போய்ப் போட்டேன். பால்கனி வச்சதும் ஒண்ணு இருந்துச்சு. ஆனா கோடியில. அவ்வளவு தூரம் யாரு நடக்கிறது?"

நோரீன் பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாறாங்கல் இறங்கியது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அட லூசு! இதைச் சொல்றதுக்கு என்ன வெட்கம்? போனாப் போகுது, உனக்காக நானும் லிஃப்ட்லயே வர்றேன்."

"வருவியா?"

"அந்த சீட்லகூட உட்கார்ந்து குளிக்கிறேன், போ. நீ மட்டும் உட்கார்ந்தா உனக்குக் கஷ்டமா இருக்குமில்ல?"

"உனக்குப் பெரிய மனசு, நோரீன்," என்றார் டெல்பர்ட்.

சாயங்காலம் கப்பல் சங்கு ஊதிக் கிளம்பியது. எல்லோரும் மேல்தளத்தில் கூடி, கரையில் நின்றவர்களுக்குக் கை அசைத்தார்கள். நோரீன், டெல்பர்ட்டின் கையைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். தாங்கியது யார், தாங்கப்பட்டது யார் என்று அவள் முட்டிக்குத்தான் தெரியும்.

திடீரென்று வீசிய காற்று டெல்பர்ட்டின் வைக்கோல் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய், அடுத்த தளத்துக்கு ஏறும் படிக்கட்டின் உச்சியில் போட்டது.

"ஐயோ, என் தொப்பி!"

இரண்டு இரண்டு படியாகத் தாவினார். கண் மூடித் திறப்பதற்குள் உச்சியில் நின்று, குத்துக்காலிட்டு உட்கார்ந்து தொப்பியை எடுத்தார்.

"உன் புருஷன் கால்ல ஸ்பிரிங்கா வச்சிருக்காரு?" என்றாள் பக்கத்தில் நின்ற வாண்டா.

நோரீன் அண்ணாந்து அவரையே பார்த்தாள்.

தொப்பியோடு திரும்பிய டெல்பர்ட், கீழே அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். சட்டென்று முகத்தைச் சுளித்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நொண்டி நொண்டி இறங்கி வந்தார்.

இடது காலை.

நோரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கிட்ட வந்ததும் காதோடு சொன்னாள்.

"அந்தக் கால் இல்ல டெல், வலது கால். நொண்டுறதை இனிமே நானே பார்த்துக்கிறேன். நீ தோளை மட்டும் கொடு."