ஒசாகாவில் அப்பா

இந்தத் தை அமாவாசைக்கும் காக்காய் சோற்றைத் தொடவில்லை.

செல்லூரில் காக்காய்க்கா பஞ்சம்? பக்கத்து மாடியில் கூட்டமாய்த் தின்றன. பாண்டீஸ்வரி வைத்த இலையை மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வருசா வருசம் இதே கதிதான். "அப்பாவுக்கு எம்மேல அப்படி என்ன கோவமோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கூடத்தில் அப்பாவுக்கு விளக்கு எரிந்தது. சட்டம் போட்ட படம் கிடையாது. எழுபதாம் வருசம் ஜப்பானில், ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியின் படப்புத்தகம்தான். விரித்த பக்கத்தில் ஓர் இளைஞர் தறியில் உட்கார்ந்து இடது கையால் ஊடுநூல் ஓட்டும் நாடாக்கட்டையை எறிந்துகொண்டிருந்தார்.

"நீ வயித்துல இருக்கையில நெய்து காட்டப் போனவரு, அங்கனயே செத்துட்டாரு" என்று அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் அம்மா வளர்த்தாள். புத்தகம் எப்படிக் கைக்கு வந்தது என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்தபின், அந்த ஒரு பக்கம்தான் பாண்டீஸ்வரிக்குப் பிறந்த வீடு.

இவரைத் தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டு, மகள் தாமரைச்செல்வி அந்தப் பக்கத்தை நெசவாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுப் பரமக்குடியிலிருந்து மலையாண்டி என்ற பெரியவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

பாண்டீஸ்வரி காப்பியை நீட்டினாள். பெரியவர் இடது கையை நீட்டி வாங்கினார்.

"தப்பா நெனைக்காத தாயி. எனக்குச் சின்னதுலருந்து எடக்கைப் பழக்கம்."

"அதனால என்னங்கய்யா. எங்கப்பாவைத் தெரியுமா? அம்புட்டு அமாவாசைக்கும் படைக்கிறேன், ஒரு காக்கா எடுக்க மாட்டேங்குது."

பெரியவர் படத்தின் நெற்றியில் இருந்த குங்குமத்தையே பார்த்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"எப்படி எடுக்கும் தாயி? படத்துல இருக்கவன் இன்னும் சாகலையே."

பாண்டீஸ்வரி படத்தின் கையைப் பார்த்தாள். டம்ளர் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அடுத்த நொடி அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"அப்பா, இம்புட்டு வருசமா எங்கிட்டுப்பா இருந்தீக?"

அவள் தலைமேல் வைக்கப் போன கையைப் பெரியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தறியில இருக்கது நாந்தேன் தாயி. ஆனா, எனக்குக் கல்யாணமும் ஆகலை, பிள்ளையும் கிடையாது."