கறுப்புக் கல்

ஸ்பெயினின் கார்த்தஹேனாவில் மருந்துக்கடைக்குப் பின்னால், தெருவுக்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்தில், ரோமானியர் காலத்து நீதிமன்றப் படிகள்மேல் வெயில் சாய்ந்து விழுகிறது. மேலே பேருந்து போனால் இங்கே மண் உதிர்கிறது. அகழாய்வில் எங்களோடு தோண்டும் ஹினேஸ் ஒரு படியில் குந்தியிருக்கிறான். மகள் இனி அவனிடமா, பிரிந்துபோன மனைவியிடமா என்று இன்று தீர்ப்பு. வக்கீல் கூப்பிடுவார் என்று கைப்பேசி மடியில் கிடக்கிறது. அந்தப் படியில், வழக்குக்குக் காத்திருந்த எவனோ அந்தக் காலத்தில் கீறிவைத்த ஆட்டக் கட்டம் இருக்கிறது. மூன்று கல்லை வரிசையாகச் சேர்த்தால் வெற்றி. ஹினேஸ் தனக்கு வெள்ளைக் கல்லும் எதிராளிக்குக் கறுப்புக் கல்லுமாக மாற்றி மாற்றி வைக்கிறான்.

"யாரோடடா ஆடுற?" என்கிறாள் பக்கத்தில் மண் துடைக்கும் ரெமே, தூரிகையை நிறுத்தாமல்.

"இதைக் கீறினவனோட. அவனுக்கும் இன்னும் தீர்ப்பு வரலையாம்."

"ரெண்டாயிரம் வருஷமாவா? நம்ம கோர்ட்டுக்கு அது வேகம்தான்."

சிரிக்கிறோம். சிரிப்பு மண்சுவரில் பட்டு, ஓர் ஆள் கூடுதலாகத் திரும்பி வருகிறது. கைப்பேசி அதிர்கிறது.

"வக்கீல்தான், எடுடா!"

ஹினேஸ் எடுக்கவில்லை. கட்டத்தையே பார்க்கிறான். கறுப்புக் கற்கள் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

"ரெமே, கடைசிக் கல்லை நான் வைக்கலை."