திருஷ்டி பொம்மையோட நாக்கு

வீடு கட்டயில தொங்கவிட்ட திருஷ்டி பொம்மைய, குடிவந்தப்புறம் கழட்ட மறந்துட்டாங்க. அதுபாட்டுக்கு நாக்கை நீட்டிக்கிட்டே தொங்குச்சு. ஒருநாள் அணில் ஒண்ணு வந்துச்சு. அதோட அக்காக்காரி முருங்கைமரத்துல குடியிருந்து பட்ட பாடு பெரிய கதை, அது இப்ப வேணாம்.

"ஏண்ணே, வீடுதான் முடிஞ்சிருச்சே, இன்னும் யாரை பயமுறுத்துற?"

"தெரியலையேம்மா. போதும்னு யாரும் சொல்லல. நாக்குதான் வலிக்குது."

"அப்ப வேலைய விட்டுரு. உன் வைக்கோல் என் கூட்டுக்கு ஆகும்."

"சாயங்காலம் சொல்றேன்"னு பொம்மை மொத தடவையா நாக்கை உள்ள இழுத்துச்சு.

எதிர்வீட்டு சன்னல்ல நின்ன குட்டிப் பொண்ணு முழிச்சா. அப்புறம் தன் நாக்கை நீட்டிக் காட்டினா. பொம்மையும் மெதுவா நீட்டுச்சு. அவ குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா.

சாயங்காலம் அணில் வந்து, "என்னண்ணே, வைக்கோலை உருவட்டுமா?"ன்னு கேட்டுச்சு.

"சும்மா இருடி. அவ முறை முடிஞ்சுது, இப்ப என் முறை."