பிலோமினா மேடத்தின் திருடன்

ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் நினைவகத்தை அப்படியே நகலெடுத்து, அதற்குள் வைரஸ் தேடுவது இசக்கியப்பனின் வேலை. வண்டிச் சாவியை எங்கே வைத்தான் என்பது மட்டும் நினைவிருக்காது. கொள்முதல் பிரிவு பிலோமினாவின் கணினியில், தட்டச்சு செய்வதையெல்லாம் திருடி வெளியே அனுப்பும் வைரஸ் ஒன்று சிக்கியது. கூடவே, அவர் எழுதி எழுதி அழித்த ராஜினாமா கடிதங்கள் பதினொன்று. ஒவ்வொன்றின் அடியிலும், வைரஸ் வழியே உள்ளே நுழைந்த திருடன் அவருக்கு ஒரு வரி எழுதியிருந்தான்.

“கோபம் பத்தலைக்கா.”

“மேனேஜருக்கு எதுக்கு இத்தனை நன்றி?”

“முதல்ல சாப்பிட்டுட்டு வாங்க.”

இசக்கியப்பன் வைரஸை அழிக்கப் போனான். பிலோமினா மவுஸைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், இவன் திருடன்!”

“இருக்கட்டும் தம்பி. இந்த ஆபீஸ்ல நான் எழுதுனதை முழுசாப் படிச்ச ஒரே ஆளு. நாளைக்கு அழிச்சா ஆகாதா? பன்னெண்டாவதை அவரு இன்னும் பாக்கலை.”