பிரஷர் நோட்டு

"முப்பது நாள் மாத்திரை பதினஞ்சே நாள்ல எப்படிம்மா தீரும்?"

மருந்துக் கடைக்காரி கோபத்தில் கேட்கவில்லை. ஒரு விஷயம் இடித்தால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் முப்பது மாத்திரை கொடுத்ததாக அதுவும் சாதித்தது.

"தீர்ந்துடுச்சும்மா, அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மா. அறுபதைத் தாண்டியவர். அவருடைய கணவரோ தனக்கும் கடைக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருமல் மருந்துகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, தினம் எத்தனை போடுறீங்க?"

"ஒண்ணு. காலைல நான் எதிர்ல நின்னு விழுங்க வைக்கிறேன்." கேள்வி ஐயாவுக்கு, பதில் அம்மாவிடமிருந்து.

"தலை சுத்துதா ஐயா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத் தூங்குறார்."

"ஐயாவையும் கொஞ்சம் பேச விடுங்கம்மா" என்று அவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். வீட்டு மெஷினில் தினமும் பார்த்து, தன் கைப்பட எழுதிய பிரஷர் அளவுகள். 170, 174, 172. ஒரு நாள்கூட இறங்கவில்லை.

"நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டணும்."

கடைக்காரிக்குத் திக்கென்றது. இதைப் பார்த்தால் டாக்டர் டோஸை ஏற்றிவிடுவார். ஏற்கெனவே ஒன்றுக்கு இரண்டாக உள்ளே போய்க்கொண்டிருந்தால் மனிதர் சுருண்டு விழுந்துவிடுவாரே!

"அம்மா, நீங்க வெளியே பெஞ்ச்ல உட்காருங்க. பிரஷர் பார்க்குறப்ப பேச்சுச் சத்தம் கூடாது."

தடுப்புக்குப் பின்னால் ஐயாவை உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றினாள். 124 காட்டியது. ஐந்து நிமிடம் விட்டு மறுபடியும் பார்த்தாள். அதே 124.

"நார்மலா இருக்கே ஐயா!"

"ஐயோ, அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா!" முதல் தடவையாக ஐயாவின் வாய் திறந்தது.

அவள் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "திட்ட மாட்டேன். என்னன்னு சொல்லுங்க."

"ஒரு வார்த்தை விட்டுட்டேன். கோவிச்சுக்கிட்டு அவ மூணு வருஷமா எங்க பொண்ணோட வீட்ல இருந்தா. நான் மயங்கி விழுந்தேன்னு கேள்விப்பட்டுத்தான் ஓடி வந்தா. பிரஷர் இறங்குற வரைக்கும்தான் இருப்பேன், அப்புறம் கிளம்பிடுவேன்னு வந்த அன்னைக்கே சொல்லிட்டா. அதனால மாத்திரையை நாக்குக்கு அடியில ஒதுக்கி வெச்சு, அவ அந்தண்டை போனதும் செடித் தொட்டியில துப்பிடுறேன்."

"தினமுமா?"

"தினமும்."

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் குழப்பம் முன்னைவிடக் கூடியது. மாத்திரையே போகாத உடம்பில் பிரஷர் எப்படி இறங்கும்? தினம் ஒன்று துப்பினால் பதினைந்துதானே குறையும், மிச்சம் பதினைந்து எங்கே போனது?

வாசலில் இருந்த எடை மெஷினுக்கு ஐயாவை அனுப்பிவிட்டு, அம்மாவை உள்ளே கூப்பிட்டாள். ஐயா சொன்னதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

"இங்க ரெண்டு தடவை பார்த்தேன்மா, 124தான். இந்த நோட்டை நம்பி டாக்டர் டோஸைக் கூட்டினா அவர் உயிருக்கே ஆபத்து. வீட்ல என்ன நடக்குதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அம்மா தடுப்புக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கணவர் எடை மெஷின்மேல் நின்று, குனிந்து முள்ளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அந்த மனுஷன் செடித் தொட்டியில துப்புறது எனக்கு முதல் நாளே தெரியும். இன்னொரு மாத்திரையைப் பொடி பண்ணிப் பால்ல கலந்து நான்தான் குடுக்குறேன். நாலாம் நாளே பிரஷர் இறங்கிடுச்சு."

"அப்ப நோட்டுல ஏன் 170ன்னு எழுதினீங்க?"

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இறங்குற வரைக்கும்தான் இருப்பேன்னு வீறாப்பா வேற சொல்லித் தொலைச்சுட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதினா, எந்தச் சாக்கை வெச்சும்மா நான் அந்த வீட்ல இருக்குறது?"